மேல்விளக்கு

வண்டி தெருமுனை திரும்புவதற்கு முன்பே அதன் நாற்றம் ஷெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒயர்க்காரர் பல்லில் கடித்திருந்த ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பிரித்துப் போட்டிருந்த டைனமோவின்மேல் பழைய செய்தித்தாளை விரித்தார். ஈக்கள் வருவதற்குள் கையில் இருப்பதை மூட வேண்டும் என்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது.

கறிக்கடைகளில் மிஞ்சும் கோழிக் கழிவை அள்ளிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே தீவன ஆலையில் கொட்டுகிற பிக்கப் வண்டி அது. குடல், தலை, நகத்தோடு கால், ரத்தத்தில் ஊறிக் கட்டியான இறகு என்று எல்லாம் நீல டிரம்களில் குலுங்கிக்கொண்டு வரும். அதே முதலாளிக்கு அதுபோல இன்னும் சில வண்டிகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒயர் வேலை இவருடையதுதான். ஷெட் நிற்கிற இடமும் அந்த முதலாளியுடையதுதான்.

வண்டி நின்றதும் பின்கதவின் இடுக்கிலிருந்து பழுப்பும் சிவப்புமாக ஒரு தண்ணீர் ஒழுகி, ஷெட் வாசலில் சிறு குழியைப் பார்த்துத் தேங்கியது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே குரல் கொடுத்தார்.

"சோப்பு வந்துட்டாருப்பா! எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்குங்க!"

"நீ மூச்சைப் பிடிச்சா உன் டியூபுக்கு யாருண்ணே காத்தடிப்பா?" என்று சிரித்துக்கொண்டே டிரைவர் இறங்கினான்.

சோப்பு என்பது அவனுக்கு விழுந்த பட்டப்பெயர். ஒருநாள் காலை, வண்டிகள் நிற்கும் யார்டில் எல்லா டிரைவர்களும் நிற்கும்போது, முதலாளியைப் பார்த்து அவன் கேட்டான். கைக்கு உறை, கழுவ ஒரு குழாய், ஆளுக்கு ஒரு சோப்பு. வேறொன்றும் கேட்கவில்லை. முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன், மாப்பிள்ளைக்கு இன்னைக்குப் பொண்ணு பார்க்கப் போற வேலை இருக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உறையும் வரவில்லை, குழாயும் வரவில்லை. பெயர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது.

"மொதலாளி ஹாரன் பார்க்கச் சொன்னாருண்ணே. ஹாரன் நல்லாத்தான் கத்துது. ஏன் பார்க்கச் சொன்னாருன்னு தெரியல."

"பார்க்கச் சொன்னா பார்த்துடுவோம் தம்பி. சாவியைக் குடுத்துட்டுப் போ."

"அப்படியே மேல்விளக்கையும் பார்த்துடுங்கண்ணே. ரொம்ப நாளா எரியல. ஆலைக் கொட்டகைக்குள்ள ஒரே இருட்டு. வரிசை நகர்றதுக்குள்ள பாதி நாள் போயிடுது. கண்ணாடியை இறக்கினா ஈ மொய்க்குது, அதனால ஏத்திவிட்டு உள்ளேயே சாப்பிடறேன். தட்டுல கிடக்கிறது மிளகா ஈயான்னு வாயில வெச்சாத்தான் தெரியுது."

ஒயர்க்காரர் முகத்தைச் சுளித்தார். அவன் அதைப் பார்த்து இன்னும் உற்சாகமானான்.

"எங்க வீட்டுல கதையே வேறண்ணே. என் பொண்ணு நான் வந்தா மொதல்ல மூக்கைப் பிடிக்கும், அப்புறம்தான் அப்பான்னு கூப்பிடும். மூக்கைப் பிடிச்சுக்கிட்டே கூப்பிடறதால குரல் வேற வாத்து மாதிரி வரும்."

சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, போவதற்கு முன் தன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துக்கொண்டான்.

அவன் தெருவைத் தாண்டியதும், அதற்காகவே காத்திருந்ததுபோல முதலாளியின் கார் வந்தது. முதலாளி இறங்கவில்லை. கண்ணாடி நாலு விரல் அளவுக்கு இறங்கியது. கைக்குட்டையால் பொத்திய மூக்கும், அதற்குமேல் இரண்டு கண்களும் தெரிந்தன. இடுக்கு வழியாகச் சிறிய அட்டைப்பெட்டி ஒன்று வெளியே நீண்டது.

"போயிட்டானா? சரி, இதை அந்த வண்டில வெச்சுடு. கேமரா. கேபினுக்குள்ள பார்க்கிற மாதிரி. படமும் வரும், பேச்சும் கேக்கும். அவன் கண்ணுல மட்டும் படக்கூடாது."

"எதுக்கு மொதலாளி?"

"டீசல் இறக்கி விக்கிறான்னு தோணுது. நீ கேக்காத, வெச்சுடு. இன்னொண்ணு, வண்டி ஆஃப் பண்ணினாலும் இது ஓடிக்கிட்டே இருக்கணும்."

"அப்ப பேட்டரியிலருந்து நேர் லைன் குடுக்கணுமே. அந்த வண்டில இருக்கிறது பழைய பேட்டரி, இறங்கிடும். சாவி லைன்ல குடுத்தா சாவி போட்டா ஓடும், எடுத்தா நின்னுடும். பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாது."

"வண்டி நிக்கிறப்பதானேய்யா திருட்டு நடக்கும்? ஓடுற வண்டியிலருந்தா டீசல் பிடிப்பான்? நேர் லைனே குடு."

கண்ணாடி ஏறியது.

ஒயர்க்காரர் பெட்டியைப் பிரித்தார். கேமரா ஒரு விரல் நுனி அளவுதான் இருந்தது. அதன் கண் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் துடைக்கும்போது தெரியும். டேஷ்போர்டில் வைத்தால் துண்டை எறிந்து மறைத்துவிடுவான். எங்கே வைப்பது என்று மனம் யோசிக்க மறுத்தாலும், வேலை பழகிய கண் தானாக மேலே போய் நின்றது. மேல்விளக்கு. பார்க்கச் சொன்னவனும் அவனேதான்.

வண்டிக்குள் ஏறினார். சீட்டின் ரெக்ஸின் கிழிசலுக்குள் பஞ்சு கறுத்துப் பிசுபிசுத்தது. ஸ்டியரிங்கில் கை படும் இடமெல்லாம் ஒரு வழவழப்பு. கதவுப் பையில் சோப்பு டப்பா, அதில் தேய்ந்து நகம் அளவுக்கு ஆகிவிட்ட சோப்பு. டேஷ்போர்டின் ஓரத்தில் நீல இறக்கை வைத்த சின்ன ஃபேன். டிரைவர் சொந்தக் காசில் வாங்கி வந்தது; போன வருஷம் ஒயர்க்காரர்தான் மாட்டிக் கொடுத்தார். அதன் கம்பிக்கூட்டைக்கூட அவன் துடைத்து வைத்திருந்தான்.

மேல்விளக்கின் மூடியை நெம்பி எடுத்தார். எரிந்துபோன பல்பை மாற்றினார். மூடியின் ஓரத்தில், வார்ப்பு மடிப்போடு மடிப்பாக, ஊசியைச் சுட வைத்துத் துளை போட்டு உள்ளிருந்து கேமராவை ஒட்டினார். ஒயரைக் கூரைத் துணிக்கு மேலாகத் தள்ளி, கதவோரத் தூணின் ரப்பர் பீடிங்கைப் பிரித்து அதற்குள் பதித்து, பீடிங்கை மறுபடி கட்டை விரலால் அழுத்திக்கொண்டே கீழே வந்தார். பியூஸ் பெட்டியின் பின்னால் நேர் லைனில் முடிச்சுப் போட்டு, டேப் சுற்றினார். கூர்ந்து பார்த்தாலும் தெரியாது. நல்ல வேலை. அப்படித் தோன்றியதும் அவருக்குத் தன்மேலேயே ஒரு அருவருப்பு வந்து, கதவைத் திறந்து வெளியே துப்பினார்.

சாயங்காலம் டிரைவர் வந்து விளக்கைப் போட்டுப் பார்த்தான்.

"அடேயப்பா! கல்யாண வீடு மாதிரி இருக்குண்ணே!" துண்டின் ஓரத்தில் எச்சில் தொட்டு, மூடியில் இருந்த அவருடைய கைரேகையைத் துடைத்தான். "எவ்வளவுண்ணே குடுக்கணும்?"

"ஒண்ணும் வேண்டாம், போ."

"ஹாரன்?"

"அது நல்லாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு சில நாள் அந்த வண்டி ஷெட் பக்கம் வரவில்லை. வந்தபோது ஓடி வரவில்லை. இன்னொரு பிக்கப்பின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வரப்பட்டது. சோப்புவின் முழங்கை முழுக்கச் சேறும் இறகுமாக இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

"செல்ஃப் எடுக்கலண்ணே. 'டிக்'குங்குது, அவ்வளவுதான். முந்தா நாள் ஆலை வாசல்ல நின்னுடுச்சு. பின்னாடி வண்டிக்காரன்லாம் ஹாரன் அடிக்கிறான். நானும் ரெண்டு லோடுமேனும் தள்ளினோம். தரையெல்லாம் குடல் தண்ணி, கால் நிக்கல. வழுக்கி அதுக்குள்ளயே குப்புற விழுந்தேன். வாயிலகூடப் போச்சுண்ணே." அவன் சொல்லும்போதே உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "இன்னைக்கு மறுபடியும் நின்னுடுச்சு. மொதலாளி கடைசியா சொல்லிட்டாரு. இன்னொரு தரம் வண்டி நின்னா சாவியை மேசைமேல வெச்சுட்டு அப்படியே போயிடுன்னுட்டாரு."

"பேட்டரி பழசு தம்பி."

"பழசுதான். ஆனா போன மாசம்வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சே? எங்கேயோ கரண்டு கசியுதுண்ணே. உங்க கண்ணுக்குத் தப்பாது. எப்படியாவது கண்டுபிடிச்சுக் குடுங்க. எனக்கு வேற வேலை யாரு குடுப்பா? இந்த நாத்தத்தோட போய் ஒரு கடை வாசல்ல நிக்க முடியுமா?"

ஒயர்க்காரர் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுவிட்டு, "மத்தியானமா வா" என்று அவனை அனுப்பினார். கையைக்கூடக் கழுவாமல் நேராக முதலாளியின் ஆபீசுக்குப் போனார்.

ஆபீசுக்குள் ரோஜா வாசனை ஏதோ ஒன்று சுவரிலிருந்து பீய்ச்சிக்கொண்டிருந்தது. முதலாளி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கணக்குப்பிள்ளை அவர் தோளுக்குப் பின்னால் நின்று குனிந்து, மேசைமேல் சாய்த்து வைத்திருந்த போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வாய்யா, நல்ல நேரத்துல வந்தே. உன் வேலை பிரமாதம். படம் கண்ணாடி மாதிரி இருக்கு. பாரு."

போனில் கேபின் தெரிந்தது. மேலிருந்து பார்க்கும்போது சோப்புவின் தலையில் விழத் தொடங்கியிருந்த வழுக்கை தெரிந்தது. மடியில் சாப்பாட்டு டப்பா. ஒரு கையால் ஈயை ஓட்டி, ஒரு கையால் சாப்பிட்டான். பிறகு பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றி, அந்த நகம் அளவு சோப்பைத் தேய்த்துக் கை கழுவினான். முகர்ந்து பார்த்தான். மறுபடி தேய்த்தான். மறுபடி முகர்ந்தான். யாருக்கோ போன் போட்டு, "அப்பாதான் கண்ணு... ஆமா, குளிச்சுட்டுத்தான் வருவேன்" என்றான். போனை வைத்துவிட்டு, திரும்பவும் விரல்களை மூக்கில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"இங்கதான், இங்கதான்" என்று கணக்குப்பிள்ளை விரலால் பின்னுக்குத் தள்ளினார். சோப்பு மறுபடி முகர்ந்தான்.

"நாய் மாதிரி மோந்துக்கிட்டே இருக்கான்யா!" முதலாளி ஆரஞ்சுக் கொட்டையை உள்ளங்கையில் துப்பினார்.

அடுத்த படத்தில் சோப்புவின் முகம் திரை முழுக்கப் பெரிதாக வந்தது. மூக்குத் துவாரம், பல் இடுக்கு எல்லாம் தெரிந்தன. துண்டால் மேல்விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"தினம் துடைக்கிறான். அதான் படம் இவ்வளவு பளிச்சுன்னு இருக்கு!"

கணக்குப்பிள்ளைக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. ஒயர்க்காரர் கிரீஸ் படிந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டீசல் எதாவது...?"

"இல்ல. அதெல்லாம் ஒண்ணும் விக்கல."

"அப்பக் கழட்டிடலாமா மொதலாளி?"

"எதுக்கு? இப்பதானே நல்லா ஓடிக்கிட்டிருக்கு."

"அப்படின்னா சாவி லைனுக்காவது மாத்திடறேன். அது ராத்திரி பகலா இழுக்குது. பேட்டரி இறங்குறது அதனாலதான், அவன் தப்பு ஒண்ணுமில்ல."

"அதனாலதான்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியணுமா?" முதலாளி அடுத்த சுளையின் நாரை நிதானமாக உரித்தார். "இதோ பாரு. சோப்பு கேட்டான்னு ஒருத்தனை அனுப்பினா மத்தவனுங்க வாய்க்கு வந்தபடி பேசுவானுங்க. வண்டியை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியல, நடுவழியில நிறுத்தறான்னு அனுப்பினா எவன் பேசுவான்? கேமராவுல ஒண்ணும் கிடைக்கல, சரி. கேமராவாலயே கிடைச்சுடுச்சு. உள்ள ஏதோ ஃபேன் வெச்சிருக்கானே, அதுதான் இழுக்குதுன்னு சொல்லிடு."

ஒயர்க்காரர் நின்றுகொண்டே இருந்தார்.

"உன் ஷெட்டுப் பக்கமா காம்பவுண்டு சுவர் எழுப்பலாம்னு ஒரு யோசனை. ஷெட்டு உள்ள வருதா வெளிய வருதான்னு ஒருநாள் வந்து அளக்கணும்." முதலாளி சுளையை நீட்டினார். "இந்தா, இனிப்பா இருக்கு."

வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். கையில் இருந்த கழிவு நாற்றமும் பழமும் ஒன்றாக வாய்க்குள் நிறைந்தன. அந்த ஆபீசில் துப்ப இடமில்லை. விழுங்கினார்.

மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுவந்த மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் டப்பாவின் மூடியைத் திறந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சீ! என்ன மனுஷங்க இவங்க! அந்தப் பையன்கிட்ட சொல்லிடுங்க. வண்டிக்குள்ள வேண்டாம், தனியா கூட்டிட்டுப் போய் சொல்லுங்க."

"சொன்னா அவன் சும்மா இருக்க மாட்டான். நேரா போய் மொதலாளியைக் கேப்பான்."

"கேக்கட்டுமே."

"வெச்சது யாருன்னும் கேப்பான்ல?"

அவள் கண் ஷெட்டின் தகரக் கூரையை ஒருமுறை சுற்றிவிட்டு வந்தது. பிறகு சாப்பாட்டை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

"ஒண்ணும் செய்யப் போறதில்லைன்னா அப்புறம் எதுக்குங்க என்கிட்ட சொன்னீங்க? நான் தெரியாமலாவது இருந்திருப்பேனே."

சோப்பு குளித்துவிட்டு, கசங்காத சட்டை போட்டுக்கொண்டு வந்தான். வைத்தியரிடம் வருகிறவனைப்போல வண்டிப் பக்கத்தில் நின்றான். ஒயர்க்காரர் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரைக் கோர்த்தார். சாவி இல்லை, விளக்கு இல்லை, ஃபேனும் அணைந்திருந்தது. ஆனாலும் மீட்டரில் எண்கள் ஏறி நின்றன.

"பார்த்தீங்களாண்ணே! நான் சொன்னேன்ல, கசியுது!" அவன் குரலில் சந்தோஷம் இருந்தது. பொய் சொல்லவில்லை என்று நிரூபணம் ஆகிவிட்டதுபோல. "எதுண்ணே இழுக்குது?"

ஒயர்க்காரர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கையைப் பிடித்துத் தெருமுனைவரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. காலை எடுத்து வைத்தால் போதும். பஞ்சர் கடைக்காரர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு டியூபைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஃபேன்" என்றார்.

"ஃபேனா? அணைச்சுட்டுத்தானேண்ணே இறங்கறேன்?"

"ஸ்விட்சுக்குள்ள கசிவு. அணைச்சாலும் இழுக்கும்."

அவன் நம்பிக்கொண்டே கேள்வி கேட்டான். "ஒரு வருஷமா இழுக்காதது இப்ப இழுக்குமா?"

"பொருள் பழசாச்சுன்னா இழுக்கும்."

ஃபேனின் ஒயரை உருவினார். சோப்பு எட்டி மீட்டரைப் பார்த்தான். எண் இம்மியும் குறையவில்லை.

"குறையலியேண்ணே?"

"மீட்டரும் பழசுப்பா" என்று மீட்டரை அணைத்துவிட்டார்.

சோப்பு கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு, அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, தானே ஏறி ஃபேனின் ஸ்க்ரூவைக் கழற்றத் தொடங்கினான். தலைக்குமேல் மேல்விளக்கின் மூடி சுத்தமாக இருந்தது. கீழே இறங்கி, ஃபேனின் இறக்கையைச் சட்டையால் துடைத்து அவரிடம் நீட்டினான்.

"நீங்க வெச்சுக்குங்கண்ணே. உங்க ஷெட்டுலயும் காத்தே இல்ல. ஸ்விட்சை மட்டும் மாத்திக்குங்க."

"வேண்டாம்பா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."

"வீட்டுல சும்மா கிடக்கும். காசும் வாங்க மாட்டேங்கறீங்க. என் வேலையைக் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க, இதுகூட வாங்கலன்னா எப்படி?"

ஃபேனை மேசைமேல் வைத்துவிட்டு வண்டியில் ஏறினான். செல்ஃப் ஒரே தடவையில் எடுத்தது. கட்டை விரலை உயர்த்திக் காட்டிச் சிரித்தான். ஈக்கள் உள்ளே போகாமலிருக்கக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனான்.

அந்த வாரம் முடிவதற்குள் பஞ்சர் கடைக்காரர் வந்து சொன்னார். "சோப்பு கரைஞ்சுடுச்சு, தெரியுமா? ஆலை வாசல்ல மறுபடி வண்டி நின்னுடுச்சாம். சாவியை வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. போறதுக்கு முன்னாடி வண்டியை உள்ளயும் வெளியயும் கழுவி விட்டுட்டுப் போனானாம், பைத்தியக்காரன்." சொல்லிவிட்டுச் சிரிக்க நினைத்தார். ஒயர்க்காரர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் முதலாளி போனில் கூப்பிட்டார். "புது ஆள் வண்டியோட வர்றான். ஹாரன் பார்க்கணும்னு சொல்லியிருக்கேன். அந்தக் கேமராவைச் சாவி லைனுக்கு மாத்திடு. தினம் தினம் வண்டி நின்னா தொழில் என்னாகறது?"

"கழட்டிடட்டுமா?"

"மாத்துன்னுதானே சொன்னேன்?"

புது டிரைவர் வயசானவர். நரைத்த மீசை. டீ வாங்கி வரச் சொல்லி அவரை ஒயர்க்காரர் அனுப்பிவிட்டு, பியூஸ் பெட்டியைத் திறந்து, நேர் லைனிலிருந்து முடிச்சைப் பிரித்துச் சாவி லைனில் போட்டார். டீ வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிட்டது. மீட்டரைக் கோர்த்துப் பார்த்தார். பூஜ்யம்.

புது டிரைவர் டீயைக் கொடுத்துவிட்டு வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். ஈக்கள் மொய்க்கத் தொடங்கியதும் கண்ணாடியை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் நெற்றியிலிருந்து வியர்வை மீசைக்கு வழிந்தது. கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கி, ஷெட்டுக்குள் மேசைமேல் சுற்றிக்கொண்டிருந்த நீல ஃபேனைப் பார்த்தார். எத்தனை கழுவியும் போகாத கோழி நாற்றத்தை அது ஷெட் முழுக்க வீசிக்கொண்டிருந்தது.

"அந்த மாதிரி ஒண்ணு நம்ம வண்டிக்கு வெச்சா பேட்டரி தாங்குமாங்க?"

ஒயர்க்காரர் கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது.

"தாங்கும்" என்றார்.

புது டிரைவர் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, விளக்கு எரிகிறதா என்று மேலே போட்டுப் பார்த்தார். எரிந்தது. மூடியில் லேசாகத் தூசி இருந்திருக்க வேண்டும். முகத்தைத் துடைத்த அதே துண்டை உயர்த்தி, அதை நன்றாக அழுத்தித் துடைத்தார்.